சென்டரின் பவுடர் டப்பா

என் பின்பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கதை. வேறு வழியில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வெல்டன் கல்லூரி அணியின் சென்டர். பெயர் ஹார்லன் டெவ்ரீஸ். எடை முந்நூற்றுப் பத்து பவுண்டு. அப்பா ஐயோவாவில் பன்றிப் பண்ணை வைத்திருக்கிறார், ஆகவே எடையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை. எங்கள் அமெரிக்கக் கால்பந்தில் காலுக்குப் பெரிய வேலை கிடையாது, கையும் தோளும்தான். சென்டர் என்பவன் குனிந்து, தரையில் கிடக்கும் பந்தைப் பிடித்து, இரண்டு கால்களுக்கு நடுவே பின்னால் கொடுக்க வேண்டும். பின்னால் ஒட்டி நிற்கும் குவாட்டர்பேக் தன் இரண்டு கைகளையும் எனக்கு அடியில் வைத்து அதை வாங்கிக்கொள்வான். அவன் அதை எறிந்தால் ஊரே எழுந்து நிற்கும், மறுநாள் அவன் படம் செய்தித்தாளில் வரும். என் முகம் எந்நேரமும் புல்லைப் பார்த்தபடி இருக்கும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

எனக்கு இருக்கும் குறை ஒன்றே ஒன்று, வியர்வை. ஆகஸ்ட் மாதம் சோளக்காட்டுப் புழுக்கத்தில் எல்லோருக்கும்தான் வியர்க்கும். எனக்கு வியர்ப்பது வேறு கணக்கு. பயிற்சி தொடங்கி அரை மணி நேரத்தில் என் பேன்ட்டைப் பிழிந்தால் ஒரு வாளி நிரம்பும். அதற்கு அடியில் கையை வைப்பவன் கதியை யோசித்துப் பாருங்கள். கை நனையும், பந்து நனையும், வழுக்கும்.

இந்த விஷயம் தெரிந்தவன் ரீட் காலவே மட்டும்தான். என் அறைத்தோழன். மூன்று வருஷம் நான் இரண்டாம் சென்டர், அவன் இரண்டாம் குவாட்டர்பேக். இரண்டாம் அணியை யாரும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை என்பதால் எங்கள் வைத்தியமும் யார் கண்ணிலும் படவில்லை. குழந்தைகளுக்குப் போடும் பவுடர் டப்பா ஒன்றை ரீட் தன் தண்ணீர்ப் புட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பான். களத்தில் இறங்குவதற்கு முன் என் இடுப்புப் பட்டையைப் பின்னால் இழுத்து இரண்டு குலுக்கு. ஒரு மணி நேரம் கழிந்ததும் நான் துவைக்கிற அறைக்கு ஓடி, காய்ந்த பேன்ட் மாற்றிக்கொண்டு வருவேன். திரும்ப இரண்டு குலுக்கு. டப்பா காலியான நாட்களில் ஈரத்திலேயே வாங்கவும் அவன் பழகியிருந்தான். மூன்று வருஷத்தில் ரீட் ஒரு பந்தைக்கூட என்னிடமிருந்து வாங்கும்போது நழுவவிட்டதில்லை.

ஆனால் அந்த மூன்று வருஷத்தில் அவன் நிஜ ஆட்டத்தில் ஒரு தடவைகூட இறங்கவில்லை. இரண்டாம் ஆளை இறக்கிவிடும் அளவுக்கு எங்கள் அணி யாரையும் பெரிதாக ஜெயித்துக் கிழித்ததில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும் அவன் அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, ஆட்டப் புத்தகத்தை வாங்கி, மகன் பெயர் அச்சாகியிருக்கும் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த வருஷம் பழைய முதல் குவாட்டர்பேக்கும் முதல் சென்டரும் படித்து முடித்துப் போய்விட்டார்கள். ரீடுக்கு இது கடைசி வருஷம். அடுத்த வருஷம் என்று ஒன்று அவனுக்குக் கிடையாது. அந்த இடம் அவனுக்கு என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அப்போதுதான் லெமார் ஃபோன்டனோ வந்து சேர்ந்தான். லூசியானாக்காரன். பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு வருஷம் போட்டியில் தோற்று, எங்கேயாவது ஆடினால் போதும் என்று எங்கள் சின்னக் கல்லூரிக்கு மாறி வந்தவன். சட்டைப்பையில் சொந்தமாக மிளகாய் சாஸ் புட்டி வைத்திருப்பான். எங்கள் சாப்பாட்டுக்கூடத்து உருளைக்கிழங்கை வாயில் வைத்துப் பார்த்து, மரியாதையாக மூடி திறப்பான். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. துவைக்கிற அறை டோரீனில் தொடங்கி, அவனைவிட ஒரு வயது சின்னவனான என்வரை எல்லோருக்கும் "வாங்க, போங்க"தான்.

"அவனுக்கு டா போடவே வராதா?" என்று ரீட் கேட்டான்.

"அவங்க ஊர்ல வளர்ப்பு அப்படியாம்."

"கையைப் பார்த்தியா? பந்தை எறியல, தபால்ல போடுறான். நேரா போய் கதவைத் தட்டுது."

ரீட் சொன்னது நிஜம். லெமார் எறிந்தால் பந்து பாடிக்கொண்டு போகும். ரீட் நன்றாக எறிவான், தப்புச் செய்ய மாட்டான். லெமார் அதற்கு ஒரு படி மேல். கோச் ரிட்டர் இரண்டு பேருக்கும், பயிற்சியில் இவனை யாரும் இடிக்கக் கூடாது என்று காட்டும் சிவப்பு ஜெர்சியைக் கொடுத்து, "மூணு வாரம். கடைசி சனிக்கிழமை ஒத்திகை ஆட்டம். திங்கக்கிழமை பட்டியல் ஒட்டுவேன். அதுவரைக்கும் எவனும் என் மூஞ்சியப் பார்த்து ஜோசியம் சொல்லாதீங்க," என்றார்.

இங்கேதான் என் பின்பக்கம் கதைக்குள் வருகிறது. பெரிய அணிகளில் குவாட்டர்பேக் ஐந்து கெஜம் தள்ளி நின்று பந்தை வாங்குவான். எங்கள் கோச்சுக்கு அது பிடிக்காது. ஒட்டி நின்று வாங்க வேண்டும், குறிப்பாக எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில். லெமாருக்கு அது புதுசு. முதல் நாளே இரண்டு பந்து நழுவியது. மறுநாள் மூன்று. பழக்கமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

பந்து நழுவினால் கொடுத்தவனும் வாங்கியவனும் சேர்ந்து பத்து தண்டால் எடுக்க வேண்டும், எங்கள் களத்து வழக்கம் அது. என் எடைக்குப் பத்து தண்டால் என்றால் சாமானியம் இல்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும்போது பக்கத்தில் லெமார் ஒவ்வொரு தடவையும் சொல்வான்:

"மன்னிச்சுக்கங்க ஹார்லன். என்னால உங்களுக்கு வீண் கஷ்டம்."

இதைக் கேட்டுக்கொண்டு தண்டால் எடுப்பதைவிட மாட்டுச் சாணி அள்ளலாம். ஏனென்றால் காரணம் எனக்குத் தெரியும். ரீட் இறங்கும்போது எனக்குப் பவுடர் உண்டு, காய்ந்த பேன்ட் உண்டு. லெமார் இறங்கும்போது ஒன்றும் இல்லை. நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை, சத்தியம். பவுடர் போடுவது எப்போதும் ரீடின் வேலை, ரீட் தன் முறைக்குப் போட்டான், அவ்வளவுதான். முதல் இரண்டு நாள் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மதியம் லெமார் என்னைத் தேடி வந்தான். கையில் அரிசி நிரப்பிய வாளி. பிடி இறுகுவதற்காக அதில் கையைவிட்டுப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஒண்ணு கேக்கணும், மறைக்காம சொல்லுங்க. என் கை வேர்க்குதா?"

நான் சாண்ட்விச்சை மென்றுகொண்டிருந்தேன்.

"பந்து வாங்குறப்போ கையெல்லாம் ஈரமா இருக்கு. இதுக்கு முன்னாடி எனக்கு இப்படி ஆனதே இல்ல. அங்க ரெண்டு தடவை தோத்தேன்ல, பயம் உள்ள போய் உக்காந்துகிச்சோ என்னவோ."

அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நாலே வார்த்தை. ஆனால் கண்ணெதிரே, மடித்த பக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் ரீடின் அம்மா தெரிந்தார்.

"பதட்டம்தான்," என்றேன். "குவாட்டர்பேக்குங்களுக்கு வர்றதுதான். சரியாயிடும்."

அவன் நம்பிவிட்டான். மறுநாள் முதல் வியர்க்காமல் இருக்க அக்குளில் தேய்க்கும் பசைக்குச்சியை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு வந்தான். பைன் மர வாசனை. அணி முழுக்க வட்டமாக நின்று அடுத்த ஆட்டத்தைப் பேசும்போது காட்டுக்குள் நிற்பதுபோல் இருக்கும். பையன்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இரண்டாம் வாரம் அவன் சாஸ் புட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டான். தட்டில் உருளைக்கிழங்கு அப்படியே கிடக்கும். எறியும்போதும் கை இழுத்துப் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. கோச் அவன் பெயரைச் சொல்வது குறைந்துகொண்டே வந்தது. ரீட் விசில் அடித்துக்கொண்டு அறைக்கு வருவான். நான் அவ்வளவு கேவலமாக இதற்கு முன் உணர்ந்ததில்லை.

டோரீன்தான் முதலில் வாயைத் திறந்தாள். இருபது வருஷமாக எங்கள் அழுக்கைத் துவைக்கிறவள், அவளிடம் எதையும் மறைக்க முடியாது.

"ஏண்டா கண்ணு, உன் பேன்ட்ல ஒண்ணுல பவுடரா கொட்டிக் கிடக்கு, இன்னொண்ணு குளத்துல முக்கின மாதிரி இருக்கு. ஒரே ஆளுக்கு ரெண்டு பின்பக்கமா?"

"சும்மா இரு டோரீன்."

"நான் சும்மாதான் இருக்கேன். அந்த லூசியானாப் பையன்தான் எங்கிட்ட வந்து, 'அம்மா, கை வேர்க்காம இருக்க ஏதாவது சோப்பு இருக்கா'ன்னு கேட்டுட்டுப் போறான்."

ஒத்திகை ஆட்டத்தன்று காலைச் சிற்றுண்டியில் ரீடிடம் சொல்லிவிட்டேன். லெமார் கேட்டதையும் நான் புளுகியதையும் ஒன்றுவிடாமல். அவன் முட்டையைக் குத்திக்கொண்டே இருந்தான்.

"மொத நாளே பார்த்தேன்," என்றான் கடைசியில். "அவன் மணிக்கட்டு மினுமினுன்னு இருந்துச்சு."

"தெரியுமா உனக்கு?"

"நீ வாயத் திறந்து சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாதுன்னுதான் இருந்தேன். இப்ப ஏண்டா சொன்ன? இன்னும் நாலு மணி நேரம் பொத்திட்டு இருக்க முடியலையா?"

"முடியல."

"எங்கம்மா சித்தி, மாமா எல்லாரையும் வேன்ல ஏத்திட்டு வராங்க, தெரியும்ல?"

"தெரியும்."

அவன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நான் தனியாகச் சாப்பிட்டு முடித்தேன்.

அன்று பாதி ஊர் வந்திருந்தது. வேகவைத்த சோளம், பன்றி இறைச்சி சாண்ட்விச், மடக்கு நாற்காலிகள். ரீட் முதலில் இறங்கினான். பவுடர் போட்டான், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. பந்தை அழகாக நகர்த்தி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் அடித்து முடித்தான். அவன் அம்மா எழுந்து கத்தியது எனக்குக் குனிந்த நிலையிலேயே கேட்டது. அடுத்தது லெமாரின் முறை. ஆரம்பத்திலேயே ஒரு பந்து நழுவியது. கூட்டத்துக்கு முன்னால் நானும் அவனும் பத்து தண்டால்.

"மன்னிச்சுக்கங்க ஹார்லன்," என்றான். அந்தக் குரலில் இப்போது ஒன்றுமே மிச்சமில்லை.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எழுந்து, இரண்டு கையாலும் தலைக்கவசத்தைத் தட்டினேன். களைத்தவன் ஓய்வு கேட்கும் அடையாளம் அது. குண்டாக இருக்கும் நாங்கள் அடிக்கடி தட்டுவோம், குவாட்டர்பேக் எவனும் தட்டி நான் பார்த்ததில்லை. ஓரத்துக்கு ஓடி, ரீடின் தண்ணீர்ப் புட்டிக்குப் பின்னால் இருந்த டப்பாவை எடுத்து, லெமாரையும் இழுத்துவந்து அவன் கையில் திணித்தேன்.

"இதை என் பேன்ட்டுக்குள்ள கொட்டு."

"என்ன சொல்றீங்க?"

"உன் கை வேர்க்கல. ஒருநாளும் வேர்க்கல. அது என் வேர்வை. அன்னிக்கு உங்கிட்ட நான் புளுகினேன்."

லெமார் டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தான்.

"பதினஞ்சு நாளா," என்றான் மெதுவாக, "அக்குள்ல போடுறத கையில பூசிட்டு அலையுறேன். அட நாயே!"

வாழ்க்கையில் அவன் முதல் தடவை யாரையோ மரியாதை இல்லாமல் பேசுகிறான் என்று தோன்றியது. எனக்கு அது மழை பெய்ததுபோல் இருந்தது. அவன் கோபத்தோடு டப்பாவைக் கவிழ்க்க, பாதி பவுடர் காற்றோடு போனது, மீதி என் சட்டை மேல். பின்னாலிருந்து ஒரு கை வந்து டப்பாவைப் பிடுங்கியது.

"இப்படிக் கொட்டுனா நாலு டப்பா வேணும்," என்றான் ரீட். "பட்டையை நல்லா இழு. கொஞ்சம் இடப்பக்கமா. ரெண்டே குலுக்கு. அவ்வளவுதான்."

மொத்தக் கூட்டமும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு சிவப்பு ஜெர்சிகள் என் பேன்ட்டுக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றன. கோச் ரிட்டர் விசிலை வாயிலிருந்து எடுத்து, "அங்க என்னடா பண்றீங்க, பிரசவமா?" என்று கத்தினார். சிரிப்பு அடங்க நேரமானது. ரீட் மட்டும் சிரிக்கவில்லை. டப்பாவை மூடி இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கைகட்டி நின்றான்.

அதற்குப் பிறகு லெமார் ஒரு பந்தைக்கூட விடவில்லை. பந்து மறுபடி பாடியது. மூன்று டச்டவுன்.

திங்கட்கிழமை காலை பட்டியல் ஒட்டியாயிற்று. குவாட்டர்பேக்: ஒன்று, ஃபோன்டனோ. இரண்டு, காலவே. ரீட் அதன்முன் கொஞ்ச நேரம் நின்றான். நான் துவைக்கிற அறைக்குப் போய் துண்டு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். சரியான காரியத்தைச் செய்தால் மனசு லேசாகும் என்று சொல்கிறவர்களை டோரீனின் இயந்திரத்தில் போட்டுச் சுற்ற வேண்டும். கொஞ்ச நேரத்தில் ரீட் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீ சொல்லாம இருந்திருந்தா என் பேர் மேல இருந்திருக்கும்," என்றான்.

"ஆமா."

"காலம் பூரா நான் ஜெயிச்சது உன் குண்டியாலன்னு நெனச்சுட்டு இருந்திருப்பேன்."

நான் ஒரு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

"எங்கம்மாகிட்டயும் சொல்லிட்டேன். சிரிச்சாங்க. அப்புறம் அழுதாங்க. அப்புறம் அந்த லூசியானாப் பையனுக்குச் சாப்பாடு போடணும், மெலிஞ்சு கிடக்கான்னு சொன்னாங்க." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "எழுந்திரு, பயிற்சிக்கு நேரமாச்சு. உனக்குப் பவுடர் யார் போடுறது?"

அன்று முதல் போட்டது இரண்டு பேரும்தான், முறை வைத்து.

முதல் ஆட்டத்தன்று மழை. சும்மா தூறல் இல்லை, வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. மழையில் பவுடர் போட்டால் பசையாகிவிடும், ஆகவே டப்பா பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஈரத்துக்காகக் கோச் விட்டுக்கொடுக்க, லெமார் தள்ளி நின்று வாங்கி, எறிந்து, ஓடி, எங்களைக் கடைசி நிமிஷத்தில் எல்லைக்கோட்டுக்கு ஒரு கெஜம் வரை கொண்டுவந்துவிட்டான். நாலு புள்ளி பின்தங்கியிருந்தோம். ஒரு கெஜம். ஒட்டி நின்று வாங்கி என் முதுகுக்குப் பின்னால் தலையைக் கவிழ்த்துத் தள்ள வேண்டும், வேறு வழியே கிடையாது. கோச் அதைத்தான் சொல்லி அனுப்பினார்.

நாங்கள் வட்டமாக நின்றோம். லெமார் என் பேன்ட்டைப் பார்த்தான். சேறும் தண்ணீரும் சொட்டியது.

"மச்சான்," என்றான் என்னிடம், "இந்த ஈரத்துல உங்கிட்டருந்து பந்து வாங்கத் தெரிஞ்சவன் உலகத்துலயே ஒருத்தன்தான்டா இருக்கான்."

சொல்லிவிட்டு ஓரத்தைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையாலும் தன் தலைக்கவசத்தைத் தட்டினான்.

கோச் ரிட்டர் திகைத்துப் போனார். ஜெயிக்கப்போகும் நேரத்தில் முதல் குவாட்டர்பேக் தானே வெளியே வருகிறேன் என்கிறான். ஆனால் தட்டியாயிற்று, ரீடும் அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டான். வழியில் இரண்டு பேரும் கையடித்துக்கொண்டார்கள்.

நான் குனிந்தேன். நனைந்த புல், நனைந்த பந்து. அடியில் வந்து பதிந்த கைகளை எனக்குத் தெரியும், மூன்று வருஷமாகத் தெரியும். ரீட் கூவினான். பந்தைக் கொடுத்தேன், "சப்" என்று ஒட்டிக்கொண்டது. எதிரே நின்றவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் முந்நூற்றுப் பத்து பவுண்டையும் முன்னால் சாய்த்தேன். என்மேல் ஒருவன் விழுந்தான், அவன்மேல் பத்துப்பேர் விழுந்தார்கள். வாய் நிறைய சேறு. எங்கேயோ விசில், அதற்குமேல் கூட்டத்தின் சத்தம், அந்தச் சத்தத்துக்கெல்லாம் மேலே பேருந்தில் நாற்பது பிள்ளைகளை அடக்கிப் பழகிய ஒரு பெண்குரல்.

என் தலையருகே, கோட்டுக்கு அந்தப் பக்கம், பந்தைக் கட்டிப்பிடித்தபடி ரீட் கிடந்தான். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"டேய் ஹார்லன்," என்றான், "தொப்பலா நனைஞ்சிருக்கு."

"மழைடா."

"மூணு வருஷமாவா?"

மேலே கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் கடைசியாக எழுந்தோம், அவசரம் ஒன்றும் இல்லை.